பதிவேட்டில் டிக் போட முடியாத பாடங்கள்: ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கும், வகுப்பறை நோக்கல் பதிவேட்டை வடிவமைக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் முன்னால் எங்களை அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வைக்கிறீர்கள். பயிற்சிக் காலத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்த பெஞ்சுதான். ஆனால் அங்கே கற்றதில் பாதியைக்கூட நீங்கள் கொடுத்த பதிவேட்டில் எழுத முடியவில்லை. இடம் போதவில்லை என்று சொல்ல வரவில்லை. பதிவேடு கேட்கிற கேள்விகளே வேறு. அதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதை நிரப்புகிறவரின் இடத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். ஆர்வமூட்டல், முன்னறிவைச் சோதித்தல், விளக்குதல், வினா கேட்டல், வலுவூட்டல், கரும்பலகைப் பயன்பாடு, துணைக்கருவிகள், குரல், வகுப்புக் கட்டுப்பாடு, தொகுத்துரைத்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரே நன்று, பரவாயில்லை, மேம்பட வேண்டும் என்று மூன்று கட்டங்கள். மணி அடிப்பதற்குள் எல்லாவற்றிலும் டிக் விழுந்தாக வேண்டும். நாம் தலையைக் குனிந்து டிக் போடும் நேரம் பார்த்துத்தான் வகுப்பில் ஏதாவது நடக்கும். நிமிர்ந்தால் பிள்ளைகள் சிரித்து முடித்திருப்பார்கள், எதற்கு என்று தெரியாது. இப்படிப் பக்கம் பக்கமாக நிரப்பிய பிறகு புரட்டிப் பார்த்தால் கணக்கு வகுப்பும் வரலாற்று வகுப்பும் ஒரே வகுப்பு மாதிரி இருக்கும்.

இந்தப் பட்டியலுக்கு ஒரு நியாயமான பூர்வீகம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் உடனிருந்தவர்களும் நுண்ணிலைக் கற்பித்தலைத் தொடங்கினார்கள். சில நிமிடப் பாடம், நாலைந்து மாணவர்கள், ஒரு நேரத்தில் ஒரே ஒரு திறன், உடனே பின்னூட்டம், அப்புறம் மறுபடியும் அதே பாடம். பழகுவதற்கு அது நல்ல முறை. நாங்களும் அப்படித்தான் பழகினோம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், புதியவர் பழகுவதற்காகப் பிரித்து வைத்த அதே பட்டியலை, நெடுநாள் பாடம் எடுத்த ஒருவரின் முழு வகுப்பைப் பார்க்கவும் கையில் கொடுக்கிறீர்கள். அவர் திறன்களை வரிசையாக எடுத்துக் காட்டுவதில்லை. நிமிடத்துக்கு நிமிடம் எதையோ தேர்ந்தெடுக்கிறார், எதையோ வேண்டுமென்றே விட்டுவிடுகிறார். எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

ஒரு வகுப்பைக் காட்டினால் எளிதாக விளங்கும்.

பின்னங்களைக் கூட்டுவது பாடம். கணக்கு ஆசிரியை பலகையில் 1/2 + 1/3 என்று எழுதினார். எப்படிக் கூட்டுவது என்று இன்னும் சொல்லவில்லை. “போட்டுப் பாருங்க” என்றார். ஒரு பையன் எழுந்து 2/5 என்றான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான். ஆசிரியை முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. 2/5 என்று பலகையில் எழுதிவிட்டு, “இதே விடை யாருக்கெல்லாம் வந்திருக்கு?” என்று கேட்டார். நிறைய கைகள் உயர்ந்தன. தூக்கலாமா வேண்டாமா என்று தயங்கியவர்களும் மற்றவர்களைப் பார்த்துத் தூக்கினார்கள். பிறகு கேட்டார்: “சரி, 2/5 அரையை விடப் பெருசா, சின்னதா?” கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஒரு சிறுமி மெதுவாக, “சின்னது மிஸ்” என்றாள். “அப்படின்னா கையில் அரை வெச்சிருந்தோம். அதோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். இப்போ இருக்கிறது அரையை விடக் குறைவா?” முன்வரிசையில் ஒருவன் “ஐயோ” என்றான். முதலில் விடை சொன்ன பையன் தானாகவே நோட்டை இழுத்து, விடையை அடித்துவிட்டு மறுபடி போடத் தொடங்கினான்.

பதிவேட்டில் இதற்கு எந்தக் கட்டம்? வினா கேட்டல், நன்று. அவ்வளவுதான் எழுத முடியும்.

வகுப்பு முடிந்து ஓய்வறைக்கு நடக்கும்போது அவரோடு சேர்ந்து நடந்து, ஏன் அந்தக் கணக்கைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். முதல் நாளே யோசித்து வைத்த கணக்கு அது என்றார். அந்தத் தவறு எந்த வகுப்பிலும் வரும், வராமல் இருந்ததே இல்லை. அப்படி வரும்போது பிள்ளைகள் கண்ணுக்கே அது தப்பாகத் தெரிகிற மாதிரி எண்களைக் கொடுக்க வேண்டும். அரை எல்லாருக்கும் தெரியும், அதனால் 1/2. அதற்குப் பதில் 3/7 + 2/5 கொடுத்திருந்தால் அதே தவறு 5/12 என்று விழும். அதுவும் 3/7ஐ விடச் சிறியதுதான், ஆனால் பார்த்தவுடன் யாருக்குத் தெரியும்? பிறகு சிரித்துக்கொண்டே இன்னொன்று சொன்னார்: இப்படி மேலோடு மேலும் கீழோடு கீழும் கூட்டினால் வருவது எப்போதும் அந்த இரண்டு பின்னங்களுக்கும் நடுவில்தான் போய் நிற்கும். (வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே மதிப்பாக இல்லாதவரை அப்படித்தான் வருகிறது. இத்தனை வருடம் கணக்கு படித்த எனக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை.)

லீ ஷுல்மன் என்ற கல்வியியலாளர் 1986இல் எழுதியதை நீங்கள்தான் எங்களுக்கு வகுப்பில் நடத்தினீர்கள். பாடத்தை அறிவது ஒன்று, கற்பிக்கும் பொதுமுறைகளை அறிவது ஒன்று; இரண்டுக்கும் அப்பால், இந்தப் பாடத்தை இந்தப் பிள்ளைகள் எங்கே தவறாகப் புரிந்துகொள்வார்கள், அதற்கு எந்த உதாரணம் எடுபடும் என்று அறிவது தனி. தேர்வில் அதை விளக்கி எழுதி மார்க் வாங்கினோம். அந்த அறிவு நேரில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது ஓய்வறைக்குப் போகும் வழியில். அந்த நடை எந்தக் கால அட்டவணையிலும் இல்லை. அவருக்கு அடுத்த பாடவேளை வகுப்பு இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.

இன்னொரு காரணத்தாலும் இது முக்கியம். டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975இல் ஒரு கணக்கு சொன்னார். பள்ளிப்படிப்பை முடிக்கும் ஒருவர் அதற்குள் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களோடு இருந்திருப்பார். வேறெந்தத் தொழிலுக்கும் போகிறவர் இவ்வளவு நேரம் அந்தத் தொழிலைப் பார்த்துவிட்டுப் போவதில்லை. ஆனால் அவ்வளவும் அரங்கத்தில் உட்கார்ந்து நாடகம் பார்த்த நேரம். ஒத்திகையை யாரும் காட்டவில்லை. ஆசிரியர் ஏன் இந்தக் கேள்வியைக் கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார் என்று மாணவராக இருந்தபோது நமக்குத் தெரியாது. இப்போது பயிற்சி ஆசிரியர் என்ற பெயரில் அதே பெஞ்சில், அதே பக்கம் பார்த்து உட்கார வைத்தால் 13,000 மணியோடு இன்னும் கொஞ்சம் மணி சேரும். வேறு என்ன மாறும்?

வகுப்புக் கட்டுப்பாடு என்ற கட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்கு இருக்கிற பெரிய பயம் அதுதான். அதனால் வகுப்புக்குள் போனதும் எல்லாரும் ஒன்றுக்காகக் காத்திருப்போம்: யாராவது சேட்டை செய்வார்கள், ஆசிரியர் எப்படி அடக்குகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். நல்ல ஆசிரியர்களின் வகுப்பில் அப்படி ஒன்றும் நடக்காது. நாங்களும் ஒன்றும் எழுத மாட்டோம்.

வகுப்பு ஒழுங்கை ஆராய்ந்த உளவியலாளர் ஜேக்கப் கூனினுக்கும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. கல்லூரியில் அவர் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு மாணவர் செய்தித்தாள் படித்தார், இவர் கண்டித்தார், கண்டிக்கப்படாத மற்றவர்களும் அடங்கிப்போனார்கள். அதிலிருந்து தொடங்கி, கண்டிப்பது எப்படி வேலை செய்கிறது என்று பல வருடம் ஆராய்ந்தார். வகுப்புகளைப் படம் பிடித்தும் பார்த்தார். 1970இல் அவர் வெளியிட்ட முடிவு எங்கள் பயத்துக்கு நேர் எதிரானது. ஒழுங்காக நடக்கிற வகுப்பின் ஆசிரியரும், கலைந்து கிடக்கிற வகுப்பின் ஆசிரியரும், சேட்டை நடந்த பிறகு கண்டிக்கும் விதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசப்படவில்லை. வித்தியாசம் எல்லாம் அதற்கு முன்னால் இருந்தது. வகுப்பு முழுவதும் தன் கண்ணில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்படி இருப்பது, ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தைக் கவனிப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடங்கல் இல்லாமல் நகர்த்துவது.

இதைப் படித்த பிறகு ஓர் அறிவியல் ஆசிரியரை வேறு மாதிரி பார்க்க முடிந்தது. குழுவுக்கு ஒன்றாகக் காந்தங்கள் கொடுத்துச் செய்து பார்க்கிற வகுப்பு. என்ன செய்ய வேண்டும், எதை எழுத வேண்டும், முடித்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் சொல்லி, ஒரு மாணவியைத் திருப்பிச் சொல்லவும் வைத்த பிறகுதான் காந்தப் பெட்டியைத் திறந்தார். கையில் காந்தம் வந்த பிறகு யாரும் எதையும் கேட்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். பலகையில் எழுதும்போது முழுக்கத் திரும்பாமல் பக்கவாட்டில் நின்றே எழுதினார். பின்னால் இரண்டு பேர் காந்தத்தை வைத்துச் சண்டைக்குத் தயாரானபோது, பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை நிறுத்தாமலே அந்தப் பக்கம் நடந்து, அவர்கள் மேசைமேல் கையை வைத்தபடி வாக்கியத்தை முடித்தார். அவர்களைப் பார்க்கக்கூட இல்லை. சண்டை வரவில்லை. பதிவேட்டில் இதற்குக் கிடைக்கிற இடம்: ‘ஆசிரியர் வகுப்பறையில் நடமாடுகிறார் - ஆம்.’ நடக்காமல் போன சண்டைக்குக் கட்டம் கிடையாது.

மௌனத்துக்கும் கிடையாது. மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பு ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கண்டார்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை. மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, தெரியாது என்று சொல்வது குறைகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். பதில் வந்த பிறகும் அதேபோலப் பொறுப்பது இன்னும் பலன் தருகிறது. நான் பார்த்த நல்ல ஆசிரியர்கள் எல்லாரும் இதைச் செய்தார்கள், யாரும் நொடியை எண்ணவில்லை. அந்த நேரத்தில் அவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்பதுதான் சுவாரசியம். கை தூக்கினவரைப் பார்ப்பதில்லை. தூக்கலாமா என்று யோசிக்கிற முகத்தைத் தேடுகிறார்கள். எங்களுக்கு வகுப்பில் மூன்று நொடி மௌனம் என்றால் பதற்றம் வந்துவிடும். பதிலை நாங்களே சொல்லிவிடுவோம்.

வகுப்பில் நடக்கும் பேச்சைப் பத்து வகையாகப் பிரித்துக் குறிக்க ஃபிளாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் வகுத்த முறையை மனப்பாடம் செய்தபோது இதைக் கவனித்தேன். மூன்று நொடிக்கு ஒருமுறை ஒரு எண்ணைக் குறிக்க வேண்டும். ஆசிரியர் பேச்சுக்கு ஏழு வகை, மாணவர் பேச்சுக்கு இரண்டு, பத்தாவது வகை ‘மௌனம் அல்லது குழப்பம்’. கேள்வியைக் கேட்டுவிட்டு முப்பது பிள்ளைகள் யோசிக்கிற மௌனமும், என்ன செய்வதென்று தெரியாமல் வகுப்பு கூச்சலிடுவதும் ஒரே எண். பேச்சை அளக்க அவர் செய்த கருவி அது, அந்த வேலைக்கு அது சரிதான். ஆனால் எங்கள் பதிவேடும் அதே பார்வையில் நிற்கிறது: ஆசிரியர் வாயிலிருந்து வருவதுதான் பாடம்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும், கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும். பார்த்த எல்லா வகுப்பும் நன்றாக இல்லை. முன்வரிசை மூன்று பேரை மட்டுமே கேள்வி கேட்டு, அவர்கள் பதிலை வகுப்பு முழுவதின் பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த பக்கம் திருப்பிய வகுப்பும் இருந்தது. அதிலிருந்தும் கற்கலாம், நன்றாகவே கற்கலாம். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்த வகுப்பின் ஆசிரியரிடமே கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறீர்கள். தன் வகுப்பில் உட்கார அனுமதித்த மூத்தவரிடம், ‘மேம்பட வேண்டும்’ என்று டிக் போட்ட தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிற துணிச்சல் எந்தப் பயிற்சி ஆசிரியருக்கு வரும்? எல்லாத் தாளிலும் ‘நன்று’ என்று இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். வருகைக்குச் சான்று வேண்டுமென்றால் பள்ளி அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாமே.

அப்புறம், எப்போது அனுப்புகிறீர்கள் என்பது. பெரும்பாலும் கல்வியாண்டின் நடுவில் போகிறோம். ஆசிரியர் உள்ளே வந்ததும் வகுப்பு தானாக அமைதியாகிறது, விரலை உயர்த்தினால் போதும் என்று பார்க்கிறோம். அதையே எங்கள் வகுப்பில் செய்கிறோம், ஒரு பயலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த விரலுக்கு அர்த்தம் வந்தது பள்ளி திறந்த முதல் வாரங்களில். எம்மர், எவர்ட்சன், ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வகுப்பில் உட்கார்ந்து செய்தது. நன்றாக வகுப்பு நடத்தியவர்கள் விதிகளைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. எப்படி வரிசையில் வருவது, உதவி வேண்டுமென்றால் எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் ஒரு பாடம் போலவே கற்றுக்கொடுத்துப் பழக்கினார்கள். எங்களைப் பள்ளி திறக்கும் வாரத்தில் அனுப்புங்கள். பள்ளிகளுக்கு அது பரபரப்பான நேரம் என்று தெரியும். பார்க்க வேண்டியதும் அந்தப் பரபரப்பைத்தான்.

சரி, பதிலாக என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். முதலில், பல வகுப்புகளில் ஒவ்வொரு பாடவேளை உட்காருவதை விட்டுவிட்டு ஒரே வகுப்பைத் தொடர்ந்து பார்க்க விடுங்கள். நேற்று புரியாதது இன்று எப்படிச் சரியாகிறது என்று அப்போதுதான் தெரியும். முடிந்தால் ஒரே ஆசிரியர் ஒரே பாடத்தை இரண்டு பிரிவுகளுக்கு எடுப்பதைப் பார்க்க வழி செய்யுங்கள். முதல் பிரிவில் சொன்ன உதாரணத்தை இரண்டாவதில் அவர் மாற்றும் இடத்தில், முதல் பிரிவிடமிருந்து அவர் என்ன கற்றார் என்பது பளிச்சென்று தெரியும்.

இரண்டாவது, உட்காரும் இடம். கடைசி பெஞ்சில் எங்களுக்குத் தெரிவது ஆசிரியரின் முகமும் பிள்ளைகளின் முதுகும். ஆசிரியர் பார்ப்பது பிள்ளைகளின் முகத்தை. ஜப்பானியப் பள்ளிகளில் நூறாண்டுக்கு மேலாக நடக்கும் பாட ஆய்வில், பார்க்க வருகிற ஆசிரியர்கள் மாணவர்களின் மேசைகளுக்குப் பக்கத்தில் நின்று, யார் என்ன எழுதுகிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள். உதவி செய்யக்கூடாது, விடை சொல்லக்கூடாது. பாடம் முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து அதைப் பேசுகிறார்கள். பேச்சு பாடத்தைப் பற்றியும் பிள்ளைகளின் சிந்தனையைப் பற்றியும்தான் இருக்கும்.

நம் பள்ளிகளிலும் அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் கணக்குப் போடும்போது மேசைகளுக்கு நடுவே ஓர் ஆசிரியர் கையில் சின்னத் துண்டுத்தாளோடு நடப்பார். கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் மேற்பார்வை போலத்தான் இருக்கும். நான் ஜன்னல் ஓரமாக முன்னால் போய் உட்கார்ந்த அன்றுதான் தாளில் பெயர்களைக் குறிக்கிறார் என்று தெரிந்தது. யாரை முதலில் பலகைக்குக் கூப்பிட வேண்டும், யாரை இரண்டாவது என்று வரிசை போடுகிறார். நீளமாகப் போட்டுச் சரியான விடைக்கு வந்தவன் முதலில். சுருக்கமாகப் போட்டவள் கடைசியில். மாற்றிக் கூப்பிட்டால் நீளமாகப் போட்டவன் எழுந்தே வரமாட்டான் என்று பிறகு சொன்னார்.

மூன்றாவதுதான் முக்கியம். வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் அந்த ஆசிரியரோடு பேச நேரம் ஒதுக்குங்கள். அவர்களுக்கும் திருத்த வேண்டிய நோட்டுகள் மலைபோல் கிடக்கின்றன. தயவு பண்ணிப் பேசுங்கள் என்று நாங்கள் பின்னாலேயே ஓடுவது அவர்களுக்கும் தொந்தரவு, எங்களுக்கும் சங்கடம். பயிற்சி ஆசிரியரை ஏற்கிற ஆசிரியருக்கு அந்த நாளில் ஒரு பாடவேளையாவது குறைத்துக் கொடுக்கும்படி பள்ளியோடு பேசுங்கள். பேச்சுக்கு எங்களிடம் கேள்வி இருக்கும்படியும் செய்யுங்கள். பத்துத் திறன்களுக்கும் டிக் போடுவதற்குப் பதிலாக ஒரே பக்கம் போதும்: இந்தப் பாடவேளையில் ஆசிரியர் எடுத்த ஒரு முடிவு என்ன, அந்த இடத்தில் வேறென்ன செய்திருக்கலாம், ஏன் அதைச் செய்யவில்லை என்று கேட்டதற்கு அவர் என்ன சொன்னார். மதிப்பெண் போட எல்லாருக்கும் பொதுவான படிவம் வேண்டும் என்பது உங்கள் கவலையாக இருந்தால், இந்த ஒரு பக்கத்துக்கும் மதிப்பெண் போடலாம். வகுப்புக்குப் போகாமல் இதை எழுத முடியாது என்பது கூடுதல் வசதி.

சில ஆசிரியர்களுக்குத் தாங்கள் ஏன் அப்படிச் செய்தோம் என்று சொல்ல வராது. “பழக்கம்தான்” என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் “அந்தக் கணக்குக்குப் பதில் இந்தக் கணக்கைக் கொடுத்திருந்தால் என்ன ஆகும்?” என்று குறிப்பாகக் கேட்டால் பெரும்பாலும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள், மணி அடித்தாலும் நிறுத்துவதில்லை. இப்படிக் கேட்கப் பழகுவதற்கும் எங்களுக்கு ஒரு வகுப்பு எடுங்கள்.

அடுத்த அணி பள்ளிகளுக்குக் கிளம்பும் முன் பதிவேடு மறுபடி அச்சுக்குப் போகும். மொத்தமாக மாற்ற முடியாது என்றால் ஒரு பிரிவில் மட்டும் இந்த ஒற்றைப் பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். உங்களில் ஒருவராவது எங்களோடு வந்து, ஜன்னல் ஓரமாகப் பிள்ளைகள் முகம் தெரியும் இடத்தில் ஒரு பாடவேளை உட்காருங்கள். ஒரே வகுப்பில் உங்கள் கண்ணில் பட்டது என்ன, எங்கள் கண்ணில் படாமல் போனது என்ன என்று பிறகு பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு பயிற்சி ஆசிரியர்